71 ஓட்டில் முடிந்த 37 ஆண்டுகள்

ஒரே தொகுதியில் தொடர்ந்து பத்து முறை வென்றவர் என்றால், ஊரையே பட்டா போட்டு வைத்திருந்தார் என்று நினைக்கத் தோன்றும். லட்சத்தீவின் பி.எம்.சயீதை அப்படி எடைபோடுவது தவறு. 1967 வரை அந்தத் தீவுகளுக்கு நியமன உறுப்பினர்தான். அந்த ஆண்டு முதன்முறையாகத் தேர்தல் வந்தபோது, ஆந்த்ரோத் தீவு இளைஞரான சயீத் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். 2004 வரை தோற்கவே இல்லை. இதில் அவருடைய சாமர்த்தியத்துக்குப் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, அந்த இடத்தின் ஆட்சி அமைப்புக்கு உண்டு. மக்கள் வசிக்கும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். சட்டமன்றம் இல்லை, எம்.எல்.ஏ. இல்லை, முதல்வர் இல்லை. டெல்லி அனுப்பும் நிர்வாகி வைத்ததே சட்டம். பஞ்சாயத்து வந்ததே தொண்ணூறுகளில்தான். கொச்சிக் கப்பலில் இடம் கிடைக்காதவரும், பிரசவச் சிக்கலில் தவிக்கும் மகளை ஹெலிகாப்டரில் கரைக்கு அனுப்பக் கெஞ்சுபவரும் எம்.பி.யைத் தவிர வேறு யாரிடம் போய் நிற்பார்கள்? வேறு கதவே இல்லாத ஊரில் ஒரே வாசலில் கூட்டம் கூடுவதை முழுக்க அன்பு என்று சொல்லிவிட முடியாது.

அடிமைத்தனம் என்றும் சொல்ல முடியாது. 2004இல் வெறும் 71 ஓட்டு வித்தியாசத்தில் ஐக்கிய ஜனதா தள வேட்பாளர் பூக்குஞ்ஞி கோயா சயீதைத் தோற்கடித்தார். சயீதின் மகன் ஹம்துல்லாவை 2009இல் தேர்ந்தெடுத்த அதே மக்கள், 2014லும் 2019லும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2024இல் திரும்ப அழைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பத்து வெற்றிகள் தராத கேபினட் பதவி சயீதுக்குத் தோற்ற பிறகுதான் வாய்த்தது: மாநிலங்களவை வழியாக மின்துறை அமைச்சர்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. யூனியன் பிரதேசங்களைக் கையில் வைத்திருக்கும் உள்துறையிலேயே அவர் இணை அமைச்சராக இருந்தார். மக்களவைத் துணை சபாநாயகராகவும் இருந்தார். அவருக்கு இருந்த செல்வாக்கு, அவர் போன பின்னும் நிற்கும் அதிகாரமாகத் தீவுகளுக்கு மாறவில்லை. 2021இல் நிர்வாகி கொண்டுவந்த வரைவு விதிகளை எதிர்த்துத் தீவே கொதித்தபோது, அவற்றை விவாதிக்க அங்கே ஓர் அவை இல்லை. 2023 ஜனவரியில் அன்றைய எம்.பி. குற்ற வழக்கொன்றில் தண்டனை பெற்றுப் பதவி இழந்தார். மார்ச் இறுதியில் பதவி திரும்பும்வரை நாடாளுமன்றத்தில் லட்சத்தீவுக்கென்று ஆளே இல்லை. ஒருவரையே நம்பியிருந்தால் நேர்வது இதுதான்.

543 பேரில் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நிர்வாகியின் அதிகாரத்தைக் குறைக்க எந்தக் கட்சி ஆண்டாலும் டெல்லிக்கு மனம் வந்ததில்லை. அறுபத்து நாலாயிரம் பேருக்குச் சட்டமன்றமா என்பதும் சரியே. சட்டமன்றம் வேண்டாம். கல்வி, சுகாதாரம், மீன்வளம், விவசாயம், கால்நடை ஆகிய துறைகளை 2021இல் மாவட்டப் பஞ்சாயத்திடமிருந்து நிர்வாகம் எடுத்துக்கொண்டது. அவற்றைச் சட்டப்படி திருப்பிக் கொடுத்தால் போதும். சயீதின் மகன் இப்போது அதே இருக்கையில் இருக்கிறார். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.