காலனித்துவம் விட்டுச்சென்ற ஜனநாயகமும் கலவான தொகுதியும்

பிரித்தானியர் ஆண்ட நாடுகளிலேயே ஜனநாயகம் நிலைத்தது என வாதிடுவோர் இந்தியாவுடன் இலங்கையையும் உதாரணம் காட்டுவதுண்டு. 1931 இலேயே சர்வஜன வாக்குரிமை பெற்ற நாடு என்ற வகையில் இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், வாக்குச்சீட்டைத் தந்த அதே ஆட்சி, வாக்காளர் யார் என்பதை ஆள்வோரே தீர்மானிக்கும் வழக்கத்தையும், சாதாரண சட்டத்தை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே விட்டுச்சென்றது.

தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமைக்கு 1931 இலேயே வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அப்படியிருந்தும் 1947 இல் அவர்கள் ஏழு பிரதிநிதிகளைத் தெரிவுசெய்தனர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வாக்குகளைப் பறித்தன. (1949 இன் மற்றொரு சட்டம் 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்' என்றே பெயர் கொண்டிருந்ததை முஸ்லிம் வாசகர்களும் கவனிக்க வேண்டும்.) கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்ல தொகுதியில் பதிவு கோரிய கோடக்கன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. சிறுபான்மையினரைக் காக்கவெனச் சோல்பரி யாப்பில் சேர்க்கப்பட்ட 29 ஆம் பிரிவு அவருக்கு உதவாது என 1953 இல் தீர்ப்பாயிற்று.

இப்பின்னணியிலேயே கலவானயை நாம் நோக்குகிறோம். 1977 இல் அங்கு வென்ற ஐ.தே.க.வின் அபேரத்ன பிலபிட்டியவின் தெரிவு தேர்தல் மனுவில் செல்லாதெனப்பட்டது. அவரைச் சபையில் வைத்திருக்கக் கலவானக்கு இரு உறுப்பினர் என யாப்பையே திருத்த அரசு முயன்றது. அதற்கு மக்கள் தீர்ப்பும் அவசியம் என உயர் நீதிமன்றம் கூறியதும் முயற்சி கைவிடப்பட்டது. 1981 ஜனவரி இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம வென்றார். ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை கொண்ட ஓர் அரசை ஒரு தொகுதி வென்றது சாதாரண விடயமல்ல.

எனினும் அவ்வெற்றியில் தொகுதியின் நாடற்ற தோட்ட மக்களுக்குப் பங்கிருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டு விரட்டப்பட்டபோது, எந்த உறுப்பினரையும் வாக்கால் தட்டிக்கேட்கும் வழி அவர்களிற் பலருக்கு இல்லை. 1982 டிசம்பரிலோ, அவசரகால நிலையின் கீழ் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் பாராளுமன்றத்தின் ஆயுளே நீடிக்கப்பட்டது. அடுத்த பொதுத்தேர்தலுக்கு நாடு 1989 வரை காத்திருந்தது. அந்த அவசரகால நிலைக்கு ஆதாரமான பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், சுதந்திரத்துக்கு முன்னரே 1947 இல் இயற்றப்பட்டது.

நாடற்றோர் பிரச்சினைக்கு 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் பெருமளவில் முடிவு கட்டியது. 1947 இன் கட்டளைச் சட்டமோ 2022 இல் வீதிக்கிறங்கிய மக்களுக்கெதிராக மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. புதிய யாப்பு பற்றிப் பேசுவோர் முதலில் அதைப் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்றே நாம் கோருகிறோம்.