முகம் தெரிந்தால்தான் கடனா?

கிராமத்து வங்கியின் பலமே ஆளைத் தெரிந்திருப்பதுதான். யாருக்கு எவ்வளவு நிலம், யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதெல்லாம் மேலாளருக்குத் தெரியும். அந்த அக்கறையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், அது ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறது, சேரிக்குள் வருவதில்லை. மாடு வாங்கக் கடன் கேட்டுப் போகும் நம் பெண்களிடம், "தெரிந்தவர் யாரையாவது அழைத்து வா" என்கிறார்கள்.

நம்மைத் தெரிந்துகொள்வது மேலாளரின் தயவு அல்ல, கடமை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வங்கி ஊழியர்கள் நேரில் சந்தித்துக் கடன் திட்டங்களை விளக்க வேண்டும், விண்ணப்பம் நிரப்ப உதவ வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே அறிவுறுத்தியிருக்கிறது. நம் விண்ணப்பத்தை நிராகரிப்பதானால், கிளை அளவில் முடிக்காமல், அடுத்த மேல்நிலையில் காரணம் காட்டித்தான் நிராகரிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது.

மாணவர்களே, வாய்மொழியாக "இல்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கும் துணைக்குப் போங்கள்.

மேலாளர்களே, மாதத்தில் ஒரு மாலை எங்கள் தெருவுக்கும் வாருங்கள். எங்கள் முகமும் உங்களுக்குத் தெரியட்டும்.