குடியிருந்தவருக்கே வீடு

அரசு கட்டிய வீட்டில் இருபது, முப்பது ஆண்டுகள் வாடகை செலுத்தி வாழ்ந்த ஒருவருக்கு அவ்வீட்டையே நியாய விலைக்கு விற்றுவிடலாம் என்றால், கேட்போர் பெரும்பாலும் தலையசைப்பர். தமிழில் வாடகைக்கு இருப்பவரையும் 'குடியிருப்பவர்' என்றே வழங்குகிறோம். இல்லத்தையும் குடும்பத்தையும் குடிமக்களையும் ஒருங்கே சுட்டும் சொல் 'குடி'. மொழியே அவர் பக்கம் நிற்கிறது எனலாம். ஆயினும், அவ்விலை யாருக்கு நியாயமானது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இதில் பிரித்தானியாவின் பட்டறிவு நாம் அறியத்தக்கது. 1980ஆம் ஆண்டு மார்கரெட் தாட்சர் அரசு இயற்றிய வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சி மன்றத்தின் வீட்டில் மூன்றாண்டு குடியிருந்தவர் அதனை விலைக்குக் கேட்டுப் பெறும் உரிமையை வழங்கிற்று. சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி. குடியிருந்த ஆண்டுகள் கூடக் கூட அது 50 விழுக்காடு வரை உயரும். பின்னாளில் அடுக்ககங்களுக்கு 70 விழுக்காடு வரை சென்றது. இங்கிலாந்தில் மட்டும் இதுவரை ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் விற்கப்பட்டன.

இதனைச் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் உளர். அது சரியன்று. வாழ்நாளெல்லாம் உழைத்த தொழிலாளர், தம் வாசற்கதவுக்குத் தாம் விரும்பிய வண்ணம் பூசும் உரிமையை முதன்முறையாகப் பெற்றனர். மக்களுக்கு விட்டுச்செல்ல அவர்களுக்கும் ஒன்று இருந்தது. நெடுங்காலம் வாடகை கொடுத்தவருக்கு ஓரளவு தள்ளுபடி தருவதும் முறையே.

குறை வேறிடத்தில் இருந்தது. விற்ற பணம் மீண்டும் வீடாகவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டம், விற்பனைத் தொகையில் முக்காற்பங்கைப் பழைய கடனை அடைக்க ஒதுக்குமாறு மன்றங்களைப் பணித்தது. வீடுகள் குறைந்தன, காத்திருப்போர் பட்டியல் நின்றது. விற்கப்பட்ட அடுக்ககங்கள் பல தனியாரிடம் கைமாறி, உயர்ந்த வாடகைக்கு விடப்பட்டன. அவ்வாடகையை ஏழைகள் செலுத்த அரசே உதவித்தொகை அளிக்க நேர்ந்தது விந்தையிலும் விந்தை! 2012இல் தள்ளுபடியின் உச்சவரம்பை 75,000 பவுண்டாக உயர்த்தியபோது, கூடுதலாக விற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடாக ஒரு வீடு எழும் என்றது அரசு. எழுந்தவை விற்றவற்றுக்கு ஈடாகவில்லை. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்வுரிமையை நிறுத்தின. இங்கிலாந்து 2024 நவம்பரில் தள்ளுபடியை வெகுவாகக் குறைத்தது.

சிங்கப்பூரும் 1964 முதல் அரசு வீடுகளை மக்களுக்கு விற்றே வருகிறது. ஆங்கே நிலம் அரசிடமே நிற்கிறது. 99 ஆண்டுக் குத்தகையே விற்கப்படுகிறது. வாங்கியவர் குறைந்தது ஐந்தாண்டேனும் குடியிருந்த பின்னரே பிறருக்கு விற்கலாம். அனைத்தினும் மேலாக, கட்டும் பணி நிற்பதில்லை.

எனவே, அதே ஊரில் இன்னொரு வீடு கட்ட ஆகும் செலவையே நியாய விலைக்கு அளவாகக் கொள்ளல் வேண்டும் என்பது என் கருத்து. அத்தொகை ஏழைக்கு எட்டாதே எனில், எஞ்சியதை அரசு தன் பொதுக் கருவூலத்திலிருந்து கொடுத்து, முழுத் தொகையையும் கட்டுமானத்துக்கென்றே ஒதுக்கிவைக்கட்டும். தள்ளுபடியின் சுமையைப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருப்பவர் தலையில் ஏற்றுவது எவ்வகையில் முறையாகும்? விலை பேசும் இடத்தில் அவருக்கு இருக்கையே இல்லை.