பழைய பில் எங்கே?

அக்குறணைக் கடைகளில் பில் புத்தகத்தின் இடத்துக்குக் கணினி வந்துவிட்டது. ஆனால் பழைய பில் ஒன்றை வாடிக்கையாளர் கேட்டால், விண்டோஸின் தேடல் முடியுமுன் அவர் பொறுமை இழந்துவிடுகிறார். 2024 ஜனவரி முதல் வற் பதிவுக்கான வருடாந்தப் புரள்வு எல்லை 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாகக் குறைக்கப்பட்டது. ஆவணங்களை உடனே எடுத்துக் காட்ட வேண்டிய வர்த்தகர்களும் இதனால் அதிகரித்துள்ளனர்.

'எவ்ரிதிங்' எனும் இலவச மென்பொருள் இதற்கு நல்ல மாற்று. வன்தட்டிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலை அது நேரடியாக வாசிப்பதால், தட்டச்சுச் செய்யும்போதே விடை வந்துவிடும். எனினும், வழமையாக அது தேடுவது பெயரை மட்டுமே. பில்லை 'ஸ்கேன் 001' என்று சேமித்து வைத்தவருக்கு அதனால் பயனில்லை. திகதி, வாடிக்கையாளர் பெயர், பில் இலக்கம் ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே இடும் பழக்கத்தை எமது கடைகளில் இன்றே ஆரம்பிக்க வேண்டும். இதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.