குட்டன் மார்கன் மட்டும் போதாது

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்ஸி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் இலவசப் படிப்பு! ஆங்கிலத்திலேயே படிக்கலாம்! ஜெர்மன் மொழி தேவையில்லை! மூன்று வாக்கியம், மூன்று ஆச்சரியக்குறி. முதலாவது முக்கால் உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது, உங்கள் பி.எஃப். பணத்தையும் பிள்ளையின் வாலிப வருஷங்களையும் சேர்த்து விழுங்கக்கூடிய பொய்.

முதலில் அந்த இலவசத்தைப் பார்த்துவிடுவோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது நிஜம்தான். ஆனால் ஸ்டுட்கார்ட் நகரம் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளியாட்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் கட்டணத்தை ஆரம்பித்துவிட்டது. போதாததற்கு, ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்று 11,904 யூரோவை வங்கியில் போட்டுக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் கணக்கு. போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. மாசம் 992 யூரோதான் கைக்கு வரும். நம்ம காசில் மொத்தம் சுமார் 12 லட்சம். பல வீடுகளில் இது சேமிப்பு அல்ல, கடன். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் கடன்.

அடுத்து ஆங்கிலம். இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் மாதிரி துறைகளில் முதுநிலைப் படிப்பை ஆங்கிலத்திலேயே முடித்துவிட நிறைய வாய்ப்பு உண்டு. ப்ளஸ் டூ முடித்த கையோடு இளநிலைக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல். அங்கே பெரும்பாலும் ஜெர்மன்தான் பாடமொழி.

சரி, எம்.எஸ். படிக்கிறான். ஆங்கிலத்தில் பாடம், ஆங்கிலத்தில் பரீட்சை, ஆங்கிலத்தில் டிகிரி. அப்புறம்? படிப்பு முடிந்ததும் வேலை தேட அந்த நாடு கொடுக்கும் அவகாசம் 18 மாதம். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஜெர்மனியின் தொழில் பலம் முழுக்க நாம் பேர் கேட்ட கார் கம்பெனிகளில் இல்லை. சின்னச் சின்ன ஊர்களில் வால்வு, பம்ப், இயந்திர பாகம் என்று செய்துகொண்டிருக்கும் நடுத்தரக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம்ம கோயம்புத்தூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மீட்டிங் ஜெர்மனில். வாடிக்கையாளர் போன் ஜெர்மனில். மிஷினில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஜெர்மனில். கேன்டீன் வம்பும் ஜெர்மனில்.

‘அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே சார்’ என்பீர்கள். தெரியும். இன்டர்வியூ எடுப்பவர் உங்களிடம் அழகான ஆங்கிலத்தில் பேசுவார். தன்னோடு நீங்கள் பேச முடியுமா என்பதல்ல அவர் கவலை. ஷாப் ஃப்ளோரில் நிற்கும் ஃபோர்மேனோடு பேச முடியுமா என்பதுதான். பேச முடியாதவரைக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார், அதே அழகான ஆங்கிலத்தில்.

‘போன்ல மொழிபெயர்ப்பு ஆப் இருக்கே?’ இருக்கிறது. வீட்டுக்காரரின் கடிதத்தைப் படிக்க உதவும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும் மேஜையில் போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? ‘அங்கே போய்க் கத்துக்கலாம்’ என்பது மூன்றாவது சமாதானம். பகலில் வகுப்பு, சாயங்காலம் பகுதிநேர வேலை, ராத்திரி சமையல், அசைன்மென்ட். எப்போது கற்பது? ஏ1 சர்ட்டிபிகேட்டோடு விமானம் ஏறி, இரண்டு வருஷம் கழித்தும் ‘குட்டன் மார்கன்’, ‘டாங்கே’ தாண்டாமல் நிற்கும் கதை இப்படித்தான் நடக்கிறது.

அதே நாட்டுக்கு வேலைக்குப் போகும் நர்ஸைப் பாருங்கள். அவருடைய தகுதியை முழுசாக அங்கீகரிக்க, பொதுவாக பி2 அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். அதாவது நோயாளியின் புலம்பலும் டாக்டரின் அவசர உத்தரவும் புரிகிற அளவு. டியூட்டி முடிந்து வந்து ராத்திரி இலக்கணம் படித்து அதையும் பாஸ் செய்கிறார்கள். நர்ஸுக்கு முடிவது இன்ஜினீயருக்கு ஏன் முடியவில்லை? மூளை குறைவா? இல்லை. நர்ஸை யாரும் ‘மொழி தேவையில்லை’ என்று ஏமாற்றவில்லை. அவ்வளவுதான்.

கன்சல்டன்ஸியை மட்டும் திட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. நாமும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறோம். ப்ளஸ் டூவில் எதற்காகப் பிரெஞ்சு எடுக்க வைக்கிறோம்? பிரெஞ்சு பேசவா? மார்க் விழும் என்று. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளையைப் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் முன்னால் நிறுத்துங்கள், நம் கல்வியின் லட்சணம் தெரிந்துவிடும். மொழி என்றால் மார்க், மொழி என்றால் சர்ட்டிபிகேட் என்று பழகிய வீட்டுக்கு ‘மொழி தேவையில்லை’ என்று ஒருத்தன் சொன்னால் தேனாகத்தான் இனிக்கும்.

இந்த விஷயத்தில் ஒரு ஜெர்மன்காரரிடமே பாடம் கேட்கலாம். பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மதம் பரப்ப வந்தவர்; அது வேறு விவகாரம். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். 1716-ல் தமிழ் இலக்கணம் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியானது. அகராதி கையடக்கமாய்க் கிடைக்காத காலம். ஆப் கிடையாது. யூட்யூப் கிடையாது. எங்கே போய் வாழப்போகிறோமோ அந்த ஊர் பேச்சைப் பேசியாக வேண்டும் என்ற அடிப்படை புத்தி இருந்தது.

கணக்கும் பயமுறுத்துகிற கணக்கு இல்லை. பி2 அளவை எட்ட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை ஆகும் என்பது கதே இன்ஸ்டிட்யூட் சொல்லும் உத்தேசம். 800 என்றே வைத்தாலும் 600 மணி நேரம். இன்ஜினீயரிங் நாலு வருஷம், 1,460 நாள். தினம் அரை மணி நேரம் போட்டால் 730 மணி நேரம்! வீட்டுப்பாடத்துக்கும் மிச்சம் இருக்கிறது. பஸ்ஸில் ரீல்ஸ் தள்ளும் நேரத்தை விடக் குறைவு.

இதைக் கல்லூரிகளே செய்யலாம். ஒரு செமஸ்டர் விருப்பப் பாடம், அதற்கு ஒரு இன்டர்னல் மார்க் என்று ஒப்பேற்றாமல், நாலு வருஷமும் தொடர்ச்சியாக, பேசத் தெரிந்த ஆசிரியரை வைத்து ஒரே ஒரு அயல்மொழி. ஜெர்மனோ ஜப்பானியமோ, மாணவன் விருப்பம். வளாகத்துக்குள் நீச்சல்குளம் கட்டும் நிர்வாகத்துக்கு இது பெரிய செலவா?

மொழி வந்தால் வேலை நிச்சயம் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. அங்கேயும் மந்தம் வரும், ஆள் குறைப்பு நடக்கும். ஆனால் மொழி தெரிந்தவன் தட்டுவதற்குப் பத்துக் கதவு இருக்கும். தெரியாதவனுக்கு இரண்டு. அந்த இரண்டின் முன்னாலும் அவனைப் போலவே வந்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

ஆகவே அந்த ஏ.சி. அறையில், ரிசப்ஷன் பெண் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘படிப்பு முடிந்த பிறகு வரும் அந்த 18 மாதத்தில் என் பிள்ளை எந்த மொழியில் வேலை தேடுவான்?’ நேரான பதில் வராவிட்டால், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். காபிக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள். ஜெர்மனில் சொன்னால் இன்னும் விசேஷம்.