தலை எண்ணினால் போதுமா?

நூற்றுக்கு எண்பது பேர் ஒரு பக்கம். இருபது பேர் மறுபக்கம். ஆட்சி யாரிடம் இருக்கும்? பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் எண்பது பேரிடம் என்றுதான் சொல்வான். ஆனால் ஓரிடத்திலே, அந்த எண்பது பேரில் ஒரே ஒருவருக்குக்கூட வாக்காளர் பட்டியலிலே பெயர் இல்லை! முடியாட்சி நடக்கும் நாட்டிலா? இல்லை. உலகுக்கெல்லாம் மக்களாட்சிப் பாடம் நடத்துகிற அமெரிக்காவிலே! எப்போது? 1965ஆம் ஆண்டு பிறந்தபோது!

அலபாமா மாநிலத்தில் லவுண்டஸ் என்பது ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் மாநிலத்துக்கு உட்பட்ட ஆட்சிப் பிரிவு. அதற்கென்று நீதிமன்றம் உண்டு, வரி அலுவலர் உண்டு, ஷெரீப் என்ற காவல் தலைவரும் உண்டு. ஷெரீப்பை மேலிடம் நியமிப்பதில்லை. மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முழுக்க முழுக்க நாட்டுப்புறம். தலைநகர் ஹேன்வில், ஒரு சிற்றூர். 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் பதினையாயிரத்துச் சொச்சம். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் கருப்பர்.

அவர்கள் எப்படி அங்கே பெரும்பான்மை ஆனார்கள்? தாமாகக் குடியேறி வந்தவர்களா? அல்ல, தோழர்களே, அல்ல! அந்த மண்ணுக்கு முதலில் உரியவர்கள் மஸ்கோகி என்ற பழங்குடி மக்கள். 1814ஆம் ஆண்டு ஓர் ஒப்பந்தத்தின் பேரால் அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதி பறிக்கப்பட்டது. அங்கே இருந்தது கருமண். பருத்திக்கு ஏற்ற மண். அந்த மண்ணின் நிறத்தால்தான் அந்த வட்டாரத்துக்கே ‘கரும் பட்டை’ என்ற பெயர் வந்தது. 1830இல் லவுண்டஸ் கவுண்டி அமைந்தது. பருத்தி எடுக்கக் கை வேண்டும். அந்தக் கைகளுக்குக் கூலி தரக்கூடாது! ஆகவே வர்ஜீனியாவிலிருந்தும் கரோலினாக்களிலிருந்தும் அடிமைகளை வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1860இல் அந்தக் கவுண்டியில் பத்துப் பேரில் ஏழு பேர் அடிமைகள். மக்கள் தொகைக் கணக்கிலே நாம் காணும் அந்தப் பெரும்பான்மை, வாங்கி விற்ற மனிதர்களின் வழிவந்த பெரும்பான்மை!

உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் விலங்கு அறுந்தது. சில ஆண்டுகள் கருப்பர்கள் வாக்களிக்கவும் செய்தார்கள். பொறுப்பார்களா பண்ணையார்கள்? 1901இல் அலபாமாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். சொத்து வேண்டும் என்றார்கள். வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும் என்றார்கள். ‘கருப்பருக்கு வாக்கு இல்லை’ என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் விளைந்தது அதுதான். கதவைப் பூட்டினார்கள், ‘பூட்டியிருக்கிறது’ என்ற பலகையை மட்டும் மாட்டவில்லை!

அந்தப் பூட்டு அறுபதாண்டு தாண்டியும் திறக்கவில்லை. 1965 தொடக்கத்தில் லவுண்டஸில் வாக்களிக்கும் வயதுடைய கருப்பர்கள் 5,122 பேர். பட்டியலில் இருந்தவர்கள்? ஒருவருமில்லை! வாக்களிக்கும் வயதுடைய வெள்ளையரோ இரண்டாயிரத்துக்கும் குறைவு. பட்டியலில் இருந்த வெள்ளையர் பெயர்களோ நூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு! நூறு பேர் இருக்குமிடத்தில் நூற்றுப் பதினெட்டுப் பெயர் எப்படி வரும் என்று வியக்கிறீர்களா? செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பட்டியலிலே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். உயிரோடிருந்த கருப்பனுக்கு இல்லாத வாக்கு, கல்லறைக்குப் போன வெள்ளையனுக்கு இருந்தது!

அச்சம் ஒன்றே அங்கே ஆட்சி செய்தது. ‘குருதி லவுண்டஸ்’ என்றே அதற்குப் பெயர். நிலமோ, எண்பத்தாறு வெள்ளைக் குடும்பங்களின் கையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருந்ததென்று அந்நாளில் கணக்கிட்டார்கள். கருப்பர்களில் பெரும்பாலோர் அந்த நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள். அந்த நிலத்திலேயே குடிசை போட்டிருந்தவர்கள். பதிவு அலுவலகப் படியேறினால் இரவுக்குள் பண்ணையார் காதுக்குச் செய்தி போகும். காலையில் குடிசை இருக்காது.

1965 மார்ச்சில் ஜான் ஹூலெட் என்ற தோழர் முன்னின்று, அஞ்சாத சிலரோடு பதிவு அலுவலகத்தை நோக்கி நடந்தார். அம்மாதமே செல்மாவிலிருந்து மாண்ட்காமரி நோக்கிச் சென்ற பேரணி இந்தக் கவுண்டி வழியாகத்தான் போயிற்று. மார்ச் 25ஆம் நாள், பேரணி முடிந்து தொண்டர்களைக் காரில் கொண்டுவிடும் பணியில் இருந்த வயோலா லியுசோ என்ற வெள்ளைத் தாய், ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர், லவுண்டஸ் சாலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 6இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. இரண்டே வாரம் சென்று, ஆகஸ்டு 20ஆம் நாள் ஹேன்விலில், ஒரு கருப்பினப் பெண்ணைக் குறிபார்த்த துப்பாக்கிக்குக் குறுக்கே தன் மார்பைக் காட்டி மாண்டார் ஜோனதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இளைஞர். சுட்டவனை விசாரித்த பன்னிரண்டு ஜூரர்களும் வெள்ளையர். தீர்ப்பு? குற்றமற்றவன்!

எனினும் மக்கள் பின்வாங்கவில்லை. மத்திய அரசின் பதிவு அலுவலர்கள் வந்தார்கள். வரிசையில் நின்றார்கள் கருப்பர்கள். பண்ணையார்கள் சும்மா இருப்பார்களா? பதிவு செய்துகொண்ட குடும்பங்களை நிலத்தைவிட்டே விரட்டினார்கள். அவர்கள் நெடுஞ்சாலை 80இன் ஓரத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு, பனியிலும் மழையிலும் குழந்தை குட்டிகளோடு கிடந்தார்கள். கூடாரங்களின் மேலும் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. ஊரைவிட்டு ஓடியிருக்கலாம், ஓடவில்லை. ஓடினால் பட்டியலில் ஏறிய பெயர் போய்விடும் அல்லவா?

பெயர் ஏறியது சரி, யாருக்கு வாக்களிப்பது? மாநிலத்தை ஆண்ட ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன்மேல் வெள்ளையர் மேலாண்மையைப் போற்றும் வாசகம்! அந்தச் சேவலுக்கா இவர்கள் முத்திரை குத்துவது? தாமே ஒரு கட்சி கண்டார்கள்: லவுண்டஸ் கவுண்டி விடுதலை அமைப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுதி. ஆகவே சின்னம் வேண்டும். சின்னத்தின் வலிமை நம் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் தேர்ந்த சின்னம் கருஞ்சிறுத்தை! பிறகு கலிபோர்னியாவில் உலகறிய எழுந்த கருஞ்சிறுத்தைக் கட்சி, பெயரையும் சின்னத்தையும் பெற்றது இந்தப் பட்டிக்காட்டு உழவர்களிடமிருந்துதான்.

அவர்கள் செய்த இன்னொரு வேலையைத் தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஷெரீப்பின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளரின் வேலை என்ன, பள்ளிக் குழுவின் அதிகாரம் என்ன என்பதைப் படம் போட்டுச் சிறு புத்தகங்களாக்கி வீடுவீடாகக் கொடுத்தார்கள். ‘எங்களுக்கு வாக்களியுங்கள்’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘அந்த நாற்காலி எதற்காக இருக்கிறது தெரியுமா?’ என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

1966 நவம்பர் தேர்தல். வென்றார்களா? ஒருவரும் வெல்லவில்லை! பண்ணையார்கள் தங்கள் நிலத்துக் குடிமக்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வெள்ளை வேட்பாளர்களுக்கு வாக்களிக்கச் செய்தார்கள். வாக்கு உழவனுடையது, அவன் வயிறோ பண்ணையாரின் கையில்! ஆனாலும் தோற்றவர்கள் கலைந்து போகவில்லை. 1970இல் அதே ஜான் ஹூலெட் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபதாண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். எந்த ஷெரீப்பின் பெயரைக் கேட்டுக் குழந்தைகள் நடுங்கினவோ, அந்த நாற்காலியில் அந்தக் குழந்தைகளில் ஒருவரே அமர்ந்தார்.

கதை இத்தோடு இனிதே முடிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. 1900இல் முப்பத்தையாயிரத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த கவுண்டியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10,311 பேரே மிஞ்சினர். நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் கருப்பர். 25 பேர் வெள்ளையர். பருத்திக்குச் செல்வமாக இருந்த அதே களிமண் நீரை உறிஞ்சாது. கழிவுத்தொட்டி வைக்கப் பெரும் பணம் வேண்டும், ஏழையிடம் ஏது? வீட்டுக் கழிவு குழாய் வழியே கொல்லைப்புறத்தில் தேங்குகிறது. சாக்கடை அமைத்துத் தர வேண்டிய அதிகாரிகள், தொட்டி வைக்க வக்கற்றவர்கள்மேல் வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள்! மத்திய அரசின் நீதித்துறை 2021இல் விசாரணை தொடங்கி, 2023இல் மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்படிக்கை செய்தது. 2025 ஏப்ரலில் புதிய ஆட்சி, இன வேறுபாட்டைக் கருதிச் செய்த ஏற்பாடு என்று குற்றம் சாட்டி அதை முறித்துப் போட்டது. உலகின் பெரும் பணக்கார நாட்டிலே, கொல்லைப்புறத்துச் சாக்கடைக்கும் ஓர் அரசியல் இருக்கிறது!

நாம் சொல்ல வந்தது இதுதான். எந்த வட்டாரத்தைப் பற்றியும், ‘இன்ன இனத்தார் இத்தனை பேர்’ என்ற கணக்கு ஓர் ஏடு மட்டுமே. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு ஏடுகளை விரித்து வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒன்று, வாக்காளர் ஏடு. மற்றொன்று, நில ஏடு. முதல் ஏட்டில் எண்பது, இரண்டாவதில் பூஜ்யம், மூன்றாவதில் எண்பத்தாறு குடும்பங்கள்: இதுதான் 1965இன் லவுண்டஸ். இரண்டாவது ஏட்டை மக்கள் தம் குருதியால் திருத்தி எழுதினார்கள். மூன்றாவது ஏடு திருந்தவில்லை. ஆகவே ஷெரீப் நாற்காலி கிடைத்த பிறகும் சாக்கடை கிடைக்கவில்லை.

‘நாம்தான் பெரும்பான்மை’ என்று மார்தட்டும் எவருக்கும் லவுண்டஸ் உழவர்கள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. தலைகளை எண்ணுவது கணக்கு. அந்தத் தலைகளைப் பட்டியலில் ஏற்றுவதும், ஏறிய பெயரைக் காப்பதும், பெற்ற அதிகாரம் எதற்கென்று கற்றுக் கொடுப்பதும், நிலம் யாருடையது என்று ஓயாமல் கேட்பதும்தான் அரசியல். பனியிலே கூடாரத்தில் கிடந்து அவர்கள் முதல் மூன்றையும் செய்து முடித்தார்கள். நான்காவது கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை. கேள்வி மட்டும் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது, இருக்க வேண்டும்!