கால்கட்டு போட்டால் காதல் வருமா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன். நலம் விசாரிப்பெல்லாம் அரை நிமிஷம்தான், நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள். மகள் ஒரு வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது.

"என்னடி குறைன்னு கேட்டா, பிடிக்கலைங்கிறா. அம்புட்டுதான் பதில். நீ சொன்னா கேப்பாடா. உங்க ரெண்டு பேரையும் எடுத்துக்கோ. இருபது நிமிஷம் பாத்துக்கிட்டீங்க. கண்காணாத தீவுல போய் இருபது வருஷத்துக்கு மேல நல்லா இருக்கீங்கள்ல? கல்யாணம் ஆனா பிரியம் தானா வந்துரும்னு அவளுக்கு எடுத்துச் சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றேன். அக்காவுக்குக் கோபம். அத்தான் போனை வாங்கி அவர் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னார். அவர்களுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பூனாவோ, பரோடாவோ, போர்ட் பிளேரோ, வெளியூரில் குடும்பம் நடத்தும் நம் எல்லோரையும் ஊரில் இப்படித்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். "அவங்க அங்க போய் நல்லா இல்லையா?" என்று ஒரே கேள்வியில் ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

நான் இருக்கும் ஊருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். "கல்யாணம் பண்ணி வை, எல்லாம் சரியாயிடும்" என்ற சித்தாந்தத்தை ஒரு அரசாங்கமே சட்டம் போட்டு நடத்திப் பார்த்த ஊர் இது. அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தமான் என்றால் செல்லுலார் ஜெயில், அதில் கிடந்த தியாகிகள், அதோடு முடிந்தது. ஆனால் அந்த ஜெயிலைக் கட்ட ஆரம்பித்ததே 1896ல்தான். அதற்கு முப்பத்தெட்டு வருஷம் முன்னாலேயே, 1858 மார்ச்சில், டாக்டர் வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கிவிட்டார். சுற்றிலும் காடு. அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்களான அந்தமான் பழங்குடிகள் வில்லும் அம்புமாக எதிர்த்து நின்றார்கள். 1859 மே மாதம் அபர்தீனில் பெரிய சண்டையே நடந்தது. அவர்களை ஒடுக்கி, காட்டை வெட்டித்தான் கைதிகளுக்குக் கிராமம் அமைத்தார்கள்.

கிராமம் என்றால் குடும்பம் வேண்டும். ஆனால் கைதிகளில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். 1901ல் இங்கே ஏறத்தாழ 12,000 கைதிகள் இருந்தார்கள், அதில் பெண்கள் சில நூறு பேர்தான். துணையில்லாத ஆயிரக்கணக்கான ஆண்களை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் குடியேற்றம் நடத்த முடியாது என்று வெள்ளைக்காரன் கணக்குப் போட்டான். ஊரில் நம் பெரியவர்கள் சொல்வதும் அதுதானே? "கால்கட்டு போட்டா அடங்கிருவான்." இங்கே நிஜமாகவே காலில் இருந்த இரும்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டைப் போட்டார்கள்.

விதிமுறை இப்படி இருந்தது. பத்து வருஷம் ஒழுங்காக உழைத்த ஆண் கைதிக்குச் சீட்டு கொடுத்து வெளியே விடுவார்கள். நிலமோ மாடோ வைத்துச் சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளலாம். 'செல்ஃப் சப்போர்ட்டர்' என்று பெயர். அவன் ஊரிலிருந்து பெண்டாட்டியை வரவழைக்கலாம், இல்லையென்றால் இங்கேயே பெண் கைதி ஒருத்தியைக் கட்டிக்கொள்ளலாம். பெண்ணுக்கு ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். அவன் பெண்கள் ஜெயிலுக்குப் போவான். கல்யாணத்துக்குத் தகுதியான பெண்களை நிறுத்தியிருப்பார்கள். ஒருத்தியைப் பார்ப்பான், கொஞ்சம் பேசுவான், அவளும் சரி என்றால் அதிகாரி முன்னால் பதிவு. ஆக, பெண் பார்க்கும் படலம் இங்கேயும் நடந்திருக்கிறது. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் இல்லை.

இன்னொரு விதி இருக்கிறது, அதுதான் முக்கியம். கல்யாணமான பெண் பதினைந்து வருஷத்தில் கணவனோடு தீவை விட்டுப் போகலாம். கல்யாணமாகாதவள் இருபது வருஷம் கிடக்க வேண்டும். கட்டிக்கொண்டால் ஐந்து வருஷம் தள்ளுபடி! ஆனால் புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் தண்டனை முடிந்தாலும், மற்றவருக்கு முடியும்வரை காத்திருந்து சேர்ந்துதான் போக வேண்டும்.

இந்தக் கல்யாணங்களில் பிறந்த சந்ததியை இங்கே 'லோக்கல் பார்ன்' என்பார்கள். பஞ்சாபியும் வங்காளியும் சென்னை மாகாணத்தானும் கலந்து பிறந்து, இந்துஸ்தானி பேசி வளர்ந்தவர்கள். ஊரில் நாம் ஜாதகத்தோடு சேர்த்துப் பார்க்கும் சாதிக் கணக்கு இவர்களிடம் செல்லாது.

என் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெரியவர் அந்த வம்சம். அவருடைய கொள்ளுப்பாட்டி கைதியாக வந்தவள். என்ன குற்றம் என்று குடும்பத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவள் ஜெயிலில் இரண்டு ஆண்களை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாளாம். மூன்றாவதாக வந்தவர்தான் கொள்ளுத்தாத்தா. "அவங்களுக்குள்ள அப்படி ஒரு அன்பு" என்று சொல்லும்போது பெரியவருக்குக் குரல் கம்மிப்போகும்.

இந்தக் கதையை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நறுக்கி முடித்துவிட்டுச் சொன்னாள்: "கொலைகாரிக்கே வேண்டாம்னு சொல்ல உரிமை இருந்திருக்கு. என்கிட்ட யாருங்க கேட்டா?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே சிலர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஜெயிலில் சொல்லும் வேண்டாம் ஒரு வேண்டாமா? சம்மதிக்காவிட்டால் மறுபடி தறியில் உட்கார்ந்து கைதிகளுக்குத் துணி நெய்ய வேண்டியதுதானே? வாஸ்தவம். அந்த அரசாங்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது குடியேற்றம். ஒருத்தி எதற்குத் தலையாட்டினாள் என்று அவர்கள் கவலைப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் நம் வீட்டில் என்ன வாழுகிறது? வேண்டாம் என்று சொன்ன பெண்ணைச் சுற்றி அம்மா, சித்தி, அத்தை என்று காவல் போடுகிறோம். "வயசு ஏறிக்கிட்டே போகுது" என்று நாள் கணக்குச் சொல்கிறோம். அந்த ஐந்து வருஷத் தள்ளுபடியை நாம் வேறு பெயரில் கொடுக்கிறோம்.

"காதல் கல்யாணம் மட்டும் உடையலையா?" என்று கேட்பார் அத்தான். உடைகிறது. நான் காதல் கல்யாணத்துக்கு விளம்பரம் செய்யவில்லை. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தில் அன்பு வரவே வராது என்றும் சொல்லவில்லை. எனக்கே வந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் ஊரில் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்குக் கல்யாணம் 2003ல். மூன்று நாள் கப்பல் பயணம், வாந்தியும் மயக்கமுமாக வந்து இறங்கினாள். நான் ஆபீஸ் போவேன், அவள் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சண்டை கிடையாது. ஊரில் "எவ்வளவு ஒத்துமை" என்றார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் தரை ஆடியது, கடல் ஊருக்குள் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். அன்றைக்குத்தான் எங்களுக்குள் பிரியம் வந்தது என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். சினிமாவுக்கு நன்றாக இருக்கும். வந்தது பயம்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனோம். லீவு முடிந்து கிளம்பும்போது, "நான் அங்க வரலை" என்றாள். முதல் முறையாக அவள் சொன்ன வேண்டாம். எனக்கு அவமானமாக இருந்தது. பெரியவர்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, "விடுங்க, அவ இருக்கட்டும். எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வரட்டும், தோணலைன்னா சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எட்டு மாசம். வாரத்துக்கு ஒரு போன். அப்போதுதான் அவளுக்குக் கணக்கு பிடிக்கும், டீச்சராக ஆசைப்பட்டாள், மீன் வாடை ஆகாது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து தெரியாதது!

செப்டம்பரில் ஒரு நாள், "டிக்கெட் எடுத்துட்டேன்" என்றாள். ஹாடோ துறையில் காத்திருந்தேன். அதே மூன்று நாள் கப்பல், அதே வாந்தி, முகமெல்லாம் வெளிறிப்போய் இறங்கினாள். வராமல் இருந்திருக்கலாம். வந்தாள். ஊரில் பத்திரிகை அடித்த தேதி வேறு, நாங்கள் கொண்டாடும் தேதி அந்த செப்டம்பர் தேதிதான்.

போக வழியிருந்தும் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அதற்குத்தான் பிரியம் என்று பெயர். வழியை அடைத்துவிட்டு, "பாத்தியா, எவ்வளவு அந்நியோன்யம்" என்றால், அது பழக்கமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், பிள்ளைகளுக்காகக் கூட இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் அக்கா, தயவுசெய்து எங்களை உதாரணம் காட்டாதே. அப்படியே காட்டுவதாக இருந்தால் அந்த எட்டு மாசத்தையும் சேர்த்துச் சொல். உன் மகள் பிடிக்கவில்லை என்றாள். அது முழுப் பதில், அதற்கு மேல் காரணம் கேட்காதே.

நேற்று ராத்திரி மருமகள் என் மனைவிக்கு போன் பண்ணினாள். "அத்தை, மாமா என்ன சொல்றாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"உங்க மாமா சொல்றது இருக்கட்டும்டி. நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன, போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.